முதுமையும் அறளையும்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே "அறளை பெயர்தல்" என்றொரு தொடர் உண்டு. வயது முதிர்ந்த ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், உண்டு கை கழுவிய பின்னும் உண்ணவில்லை என்று முறையிட்டால், பெற்ற மகளைப் பார்த்து "நீ ஆர் பிள்ளை?" என்று கேட்டால், வீட்டார் அத்தொடரைச் சொல்லி அமைந்துவிடுவர். சிலர் இரக்கத்தோடு சொல்வர். சிலர் ஏளனமாகச் சொல்வர். பெரும்பாலோர் மழை பெய்தது, வெயில் எறித்தது என்பது போலச் சொல்வர். தலை நரைப்பதும் பல் விழுவதும் எப்படியோ அப்படியே புத்தி தடுமாறுவதும் என்பது அவர்களுடைய எண்ணம். அந்த எண்ணம் சரியானதா, அதனால் விளைவது யாது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

அது சரியன்று என்பதே மருத்துவ அறிஞரின் முடிவு. முதுமையிலே கால் தளர்கிறது, கண் மங்குகிறது, நினைவும் சற்று மெதுவாகிறது. ஒருவருடைய பெயர் கேட்டவுடன் நாவில் வராமல், சிறிது நேரம் கழித்து வந்து சேர்வது இயற்கையே. அறளை என்பது வேறு. கோயிலுக்குப் போனவர் குடையை அங்கே வைத்துவிட்டு வருவது மறதி. ஐம்பது ஆண்டுகளாகப் போய்வந்த அதே கோயிலிலிருந்து தம் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கையை அறியாது சந்தியிலே திகைத்து நிற்பது நோய். கறிக்கு ஒருநாள் உப்புப் போடாதது மறதி. வாழ்நாளெல்லாம் சமைத்த தாயொருத்தி, எதன் பின் எதைச் செய்வது என்று தெரியாமல் அடுப்படியிலே கையைப் பிசைந்து நிற்பது நோய். நினைவு, பேச்சு, காலமும் இடமும் அறிதல், கணக்கு, தீர்மானம் ஆகிய ஆற்றல்கள் குன்றி, அன்றாடக் கருமங்களைத் தாமாக ஆற்ற இயலாத நிலை உண்டாகும்போதே வைத்தியர் அதை நோய் என்கின்றனர்.

இயல்பான மறதிக்கும் இந்நோய்க்கும் இடையிலே மற்றொரு நிலையும் உண்டு. ஆற்றல் சற்றுக் குறைந்திருக்கும். சோதித்துப் பார்த்தால் தெரியும். ஆயினும் அவர் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்வார். இந்த இலேசான அறிவுத் தளர்ச்சி உடைய எல்லாரும் அறளையை அடைவதில்லை. சிலர் அப்படியே இருப்பர். சிலர் தேறியும் விடுவர். எனினும் பிறரைக் காட்டிலும் இவர்களுக்கு அபாயம் மிகுதியாதலால், வைத்தியர் இவர்களை இடையிடையே பார்த்து வருவது நன்று.

அறளை ஒரே நோயன்று. பல நோய்களால் விளையும் நிலை. அவற்றுள் முதன்மையானது அல்சைமர் நோய். 1901 ஆம் ஆண்டு ஜேர்மனி நாட்டுப் பிராங்பேர்ட் நகரத்து மனநோய் வைத்தியசாலைக்கு 51 வயதுப் பெண்ணொருத்தி கொண்டுவரப்பட்டாள். தன் பெயரை எழுதத் தொடங்கினால், முடிப்பதற்குள் அது அவளுக்கு மறந்துபோகும். அவளைப் பார்வையிட்டவர் அலோயிஸ் அல்சைமர் என்னும் வைத்தியர். 1906 இல் அவள் இறந்தபின், அவளுடைய மூளையை அவர் நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தார். நரம்புக் கலங்களுக்கு இடையே ஒருவகைப் படிவுகளையும், கலங்களுக்குள்ளே முறுக்குண்ட இழைகளையும் கண்டார். வெறும் வயதின் மேல் ஏற்றி விட்டுவிட முடியாத மூளைச் சிதைவு ஒன்று உண்டென்பது அன்று கண்கூடாயிற்று. அறளையுற்றோருள் நூற்றுக்கு 60 முதல் 70 பேரிடத்து இந்நோயே காணப்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் அடைபடுவதால் வரும் அறளை அதற்கு அடுத்தது.

இனி, இந்நோய் எத்தனை பேருக்கு வருகிறது என்பதைப் பார்க்கவேண்டும். 2021 ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகிலே 5 கோடியே 70 இலட்சம் பேர் அறளையோடு வாழ்ந்தனர். அவர்களுள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் வருமானம் குறைந்த நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் உள்ளோர். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடி பேர் புதிதாகச் சேர்கின்றனர். இலங்கையிலே, கொழும்புக்கு வடக்கேயுள்ள ராகமைப் பகுதியில் நடந்த ஆய்வொன்று 2003 இல் வெளியாயிற்று. 65 வயது கடந்த 703 பேரைப் பார்த்ததில் 28 பேருக்கு அறளை இருந்தது. அதாவது நூற்றுக்கு நான்கு பேர். இந்தியா முழுவதிலும் 60 வயதுக்கு மேற்பட்டோரிடையே நடந்த பேராய்வின் முடிவு 2023 இல் வெளிவந்தது. அங்கே கண்ட அளவு நூற்றுக்கு 7.4. நகரத்தைவிட நாட்டுப்புறத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடத்தும், கற்றோரைவிடக் கல்லாதோரிடத்தும் அது மிகுந்திருந்தது.

இவ்வெண்களை ஒரு யாழ்ப்பாணத்துக் கிராமத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். அங்கே முதியோர் நூறு பேர் இருப்பின், நால்வர் முதல் எழுவர் வரை அறளையோடு இருத்தல் கூடும். மற்றைத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோருக்கு அது இல்லை. முதுமையின் இயல்பே அறளையாயின், தொண்ணூறு பேர் எவ்வாறு தப்பினர்? இவ்வொரு கணக்கே பழைய எண்ணத்தைத் தகர்க்கப் போதும். எனினும் வயது ஏற ஏற அபாயம் ஏறுகிறது என்பதும் உண்மை. 65 வயதுக்குப் பின், ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை அது இரட்டிக்கிறது. இலங்கையிலே 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நூற்றுக்கு 12.4 பேர் 60 வயதைக் கடந்திருந்தனர். அவர்கள் தொகை வளர்ந்துகொண்டே வருகிறது. ஆகவே நோயுற்றோர் தொகையும் வளரும்.

ஆனால், இந்நோயை எண்ணுவது எளிதன்று. அதற்குத் தமிழ்நாட்டு வேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் சான்று. வளர்ந்துவரும் நாடுகளில் அறளையை ஆராய எழுந்த பன்னாட்டு அறிஞர் கூட்டமொன்று அக்கிராமங்களிலே முதியோரைச் சோதித்து, 2008 இல் முடிவை வெளியிட்டது. அமெரிக்க மனநோய் வைத்தியர் வகுத்த அக்கால அளவுகோலின்படி எண்ணியபோது, ஆயிரத்துக்கு மூவருக்கே நோய் இருப்பதாகத் தெரிந்தது. அதே ஆய்வில், அந்நாடுகளின் வாழ்க்கைக்கு ஏற்பத் தாங்கள் அமைத்த அளவுகோலையும் அவ்வறிஞர் கையாண்டனர். அம்முறைப்படி ஆய்வு நடந்த எந்த நாட்டிலும், எந்த இடத்திலும், அளவு நூற்றுக்கு 5.6 இற்குக் குறையவில்லை. ஆட்கள் அவர்களே, ஆண்டும் அதுவே. அளவுகோல் மாறியதும், மறைந்திருந்தவர்கள் வெளிப்பட்டனர்.

அவர்கள் எங்கே மறைந்திருந்தனர்? தத்தம் வீட்டிலேதான். பழைய அளவுகோலின்படி ஒருவருக்கு நோய் உண்டென்று சொல்ல, அவருடைய அன்றாட வாழ்வு கெட்டுவிட்டதென வீட்டார் சொல்லவேண்டும். நம்மவர் வீடுகளில் முதியவருக்கு அன்றாட வேலை ஏது? உணவு கைக்கு வருகிறது. உடை துவைத்து வருகிறது. கடைக்குப் பேரன் போகிறான். வங்கிக்கு மகள் போகிறாள். அவரால் இயலாதென்பது தெரியவரும் சந்தர்ப்பமே இல்லை. கேட்டால், "அப்புவுக்கு ஒரு குறையுமில்லை, வயதுதான்" என்ற மறுமொழி வரும். அன்பினால் சொல்லும் அந்த மறுமொழியே நோயை மறைக்கும் திரை.

வலிகாமத்துக் கிராமமொன்றில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் இருப்பதாகக் கொள்க. முற்றத்து வேம்பின் கீழ்ச் சாய்மனைக் கதிரையில் இருந்து பத்திரிகை படிப்பார். வருவோரை முகமலர்ச்சியோடு வரவேற்பார். பழைய மாணாக்கர் கதை சொல்வார். ஒரு மணி நேரம் பேசிப் போகும் விருந்தினருக்கு ஐயமே தோன்றாது. ஆனால், அவர் ஒரே பக்கத்தை நாள் முழுதும் விரித்தபடி இருப்பதை மனைவி அறிவாள். தேநீர் குடித்து வைத்த கோப்பையின் சூடு ஆறுமுன் "இன்னும் தேத்தண்ணி வரேல்லையே பிள்ளை?" என்று கேட்பதை மகள் அறிவாள். இருவரும் அதைப் பிறருக்குச் சொல்வதில்லை. சொன்னால் மானக்கேடு என்று நினைக்கின்றனர். இவ்வாறு இரண்டு மூன்று ஆண்டுகள் கழிகின்றன. ஒருநாள் மாலை அவர் படலையைத் திறந்து வெளியேறி, இரவாகியும் திரும்பாதபோதுதான் அயலெல்லாம் அறிகிறது.

வைத்தியர் வைக்கும் சோதனையும் சில வேளைகளிலே ஏமாற்றும். 1975 இல் அமெரிக்காவில் வெளியாகி உலகெங்கும் பரவிய சோதனையொன்று உண்டு. அதற்கு முழுப்புள்ளி 30. இப்பொழுது என்ன பருவகாலம் என்பது அதன் வினாக்களுள் ஒன்று. இலையுதிர் காலமும் பனிக்காலமும் உள்ள நாட்டிலே பொருந்தும் வினா, மாரியும் கோடையும் மட்டுமே அறிந்த குடாநாட்டு மூதாட்டிக்கு எவ்வாறு பொருந்தும்? பள்ளிக்கூடம் செல்லாத அவள் வாக்கியம் எழுதவும் படம் வரையவும் இயலாமையால், நோயின்றியே புள்ளி இழப்பாள். இளைப்பாறிய ஆசிரியரோ, நோய் தொடங்கிய பின்னும் கல்வியின் பலத்தால் நிறைந்த புள்ளி பெறுவார். ஆதலால் முதியவரை மட்டுமன்றி, அவரை நாள்தோறும் காண்பவரையும் வினவவேண்டும் என்பது இப்போதைய முறை. வெள்ளிக்கிழமை எது, அமாவாசை எது, நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று நாட்காட்டி பாராமலே சொல்லிவந்த ஒருத்தி, விரதநாளிலே மீன் வாங்கவில்லையா என்று கேட்பாளாயின், அதை வீட்டார் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

குடாநாட்டுக்கென்று சில இடர்களும் உண்டு. 1983 இற்குப் பின் இளையோர் பலர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். நாலு பிள்ளைகளைப் பெற்றவர் பெரிய வளவிலே தனியாக இருக்கிறார். ஞாயிறு தோறும் தொலைபேசியில் அழைக்கும் மகனுக்கு, "நான் சுகம் தம்பி, நீ சாப்பிட்டியோ?" என்ற பழகிய நாலு வார்த்தைகளே கேட்கின்றன. அந்த நாலு வார்த்தைகளும் நோயிலே கடைசி வரை நிலைக்கக் கூடியவை. மகன் திருப்தியோடு தொலைபேசியை வைக்கிறான்.

மற்றையது போரின் நினைவு. அல்சைமர் நோயிலே அண்மைக்கால நினைவு முதலிலே அழிகிறது. பழைய நினைவு நெடுங்காலம் நிற்கிறது. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் வீடு துறந்து, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். அன்று ஐம்பது வயதாயிருந்தவருக்கு இன்று எண்பது. நோயுற்ற அவர், தேர்த்திருவிழா வெடியைக் கேட்டு நடுங்கிப் பெட்டி கட்டத் தொடங்கின், அது அர்த்தமற்ற செயலன்று. அவருக்கு அது 1995 ஆம் ஆண்டு. "சண்டை முடிந்து எத்தனை வருடம்!" என்று அதட்டுவதால் பயன் இல்லை. கையைப் பிடித்து அருகே இருப்பதே மருந்து. போர் மனங்களில் ஏற்படுத்திய காயத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 இல் வெளிவந்த ஆங்கில நூலிலே விரித்தெழுதினார். நெடுநாள் துயரமும் மனச்சோர்வும் சில வேளைகளில் அறளை போலத் தோற்றம் காட்டும் என்பதையும் இங்கே நினைவுகொள்ளல் தகும்.

ஏனெனில், அறளை போலத் தோன்றுவன எல்லாம் அறளை அல்ல. மனச்சோர்வு நீங்கின் நினைவு மீளும். தைரொயிட்டுச் சுரப்பு குறைந்தாலும் புத்தி மந்தமாகும். மாத்திரையால் அது சீராகும். விற்றமின் பி 12 குறைந்தாலும் அவ்வாறே. மரக்கறி உணவே கொள்வோரிடத்து இக்குறை காணப்படுவதுண்டு. கிணற்றடியிலே வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டவருக்கு, பல நாள் கழித்தும் மண்டைக்குள் இரத்தம் கட்டித் தடுமாற்றம் உண்டாகலாம். சத்திரசிகிச்சை அவரைக் காக்கும். நேற்று வரை தெளிவாயிருந்தவர் இன்று திடீரெனப் பிதற்றினால், சிறுநீர்த் தொற்றோ, மார்புச் சளியோ, உண்ணும் மருந்தோ காரணமாகலாம். அது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நிலை. "வயது" என்று சொல்லி வீட்டில் இருத்தியவர், இவற்றுள் எதனால் வருந்தினார் என்பதை யார் அறிவார்? பழைய எண்ணத்தால் விளையும் பெருங்கேடு இதுவே.

உண்மையான அறளையைத் தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. சில மாத்திரைகள் சிலருக்குச் சிறிது காலம் துணைசெய்கின்றன. 2023, 2024 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதிய ஊசிமருந்துகளும், நோயின் தொடக்கத்தில் அதன் வேகத்தைச் சற்றுத் தணிப்பனவே. ஆனால், வருமுன் காத்தல் ஓரளவு கைகூடும். 'லான்செட்' மருத்துவ இதழின் அறிஞர் குழு 2024 இல் பதினான்கு காரணங்களைத் தொகுத்தது. அவை முழுவதும் நீங்கின், உலகத்து அறளையில் நூற்றுக்கு 45 பங்கைத் தவிர்க்கவோ தாமதப்படுத்தவோ கூடும் என்று மதிப்பிட்டது. கல்விக்குறை, காது கேளாமை, கண் பார்வைக் குறை, உயர் இரத்த அமுக்கம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, பருமன், உடலுழைப்பின்மை, புகைத்தல், மிகுகுடி, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு என்பன அவை. காது கேளாத பாட்டனாரைப் பேச்சிலிருந்து ஒதுக்கி வைப்பது எத்துணைத் தீங்கு என்பதை இப்பட்டியல் காட்டும். சுருட்டை விடுதலும், அமுக்கத்தையும் நீரிழிவையும் நடுவயதிலேயே அடக்குதலும் பிற்காலத்து மூளைக்குச் செய்யும் காப்பு.

நோய் உறுதியானபின் செய்யத்தக்கன பல. சொன்னதைச் சொன்னால், "இப்பதானே சொன்னனான்" என்று கடியாமல், மறுமுறையும் அமைதியாக விடை சொல்லவேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் உணவும் நீராட்டும் உறக்கமும் அமையவேண்டும். கிணற்றுக்கு மூடி வேண்டும். அடுப்படியில் கண் வேண்டும். இரவிலே ஒரு விளக்கு எரிய வேண்டும். சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய துண்டு இருக்கவேண்டும். ஒழுங்கையில் உள்ளோர் அனைவருக்கும் நிலைமையைச் சொல்லிவைக்கவேண்டும். மானம் கருதி மறைத்த வீட்டுக்காரர் இரவில் தனியே தேடுவர். சொல்லிவைத்த வீட்டுக்காரருக்கு ஊரே தேடித்தரும்.

காணி உறுதியும் பணமும் பற்றிய ஒழுங்குகளை, முதியவர் தெளிவோடு தீர்மானிக்கக் கூடிய தொடக்க காலத்திலேயே நொத்தாரிசு முன்னிலையில் செய்துகொள்வது நன்று. புத்தி தடுமாறிய பின் வைத்த கையொப்பம் வழக்குக்கு வித்தாகும், சகோதரரைப் பகைவராக்கும்.

பராமரிப்போரையும் மறத்தலாகாது. அறளையுற்றோருக்கு வீட்டார் செலவிடும் நேரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு பெண்களுடையது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடாநாட்டிலே சீதன வீட்டில் பெற்றோரோடு வாழும் மகளின் மேலேயே பெரும்பாலும் அச்சுமை விழுகிறது. அவள் இரவில் உறங்குவதில்லை; நன்மை தீமைக்குப் போவதில்லை. வெளிநாட்டிலிருந்து சகோதரர் பணம் அனுப்புகின்றனர், அது உதவிதான். வாரத்தில் ஒருநாளேனும் அவளை விடுவித்து, அவளிடத்திலே மற்றொருவர் இருப்பது அதனினும் பெரிய உதவி. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள. கொழும்பிலே 2001 இல் தொடங்கிய இலங்கை அல்சைமர் நிலையம் இந்நோய்க்கென்றே பணிபுரிவது.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மாணாக்கருக்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். அவ்வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார். நோயைத் தாய்மொழியில் அறிந்த குடியே அதை எதிர்க்க வல்லது என்பது அவருடைய பணியால் விளங்கும். அறளைக்குத் தமிழில் பெயர் தேடவேண்டிய தேவை இல்லை. யாழ்ப்பாணத்தார் நாவிலே அது முன்னரே உண்டு. அச்சொல் இதுவரை பேச்சை முடிக்கும் சொல்லாக இருந்தது. இனி, "ஆச்சிக்கு அறளை போலக் கிடக்குது, நாளைக்கு டாக்குத்தரிட்டைக் காட்டுவம்" என்று வைத்தியரிடம் செல்லும் வழியைத் தொடக்கும் சொல்லாக அது வழங்கட்டும்.